படி யாருக்காகக் கட்டப்பட்டது?

(மேனாம்பேட்டில் வேப்ப மரத்தடியில் நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை. வாசகர் பலர் கேட்டுக் கொண்டதற்கு இணங்க இங்கே தரப்படுகிறது.)



இன்று நான் பேச எடுத்துக் கொண்டிருப்பது படிக்கட்டைப் பற்றி. கூலி உயர்வு, போனஸ், மனைப்பட்டா, ரேஷன் என்று பேசுவதற்கு எவ்வளவோ இருக்க, இவன் படிக்கட்டைப் பற்றிப் பேச வந்து விட்டானே என்று சிலர் நினைக்கலாம். கடைசி வரை கேளுங்கள். பிறகு உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லுங்கள்.

நான் பத்தாவது வரை படித்தவன். இஞ்சினீயரும் அல்ல, டாக்டரும் அல்ல. இந்த விஷயத்தை எனக்கு முதலில் கற்றுக் கொடுத்தவை புத்தகங்கள் அல்ல. நம்முடைய சங்க அலுவலகத்துக்கு ஏறிப் போகும் 17 படிகள்தான்.

பதினேழு படிகள்

நம் அலுவலகம் மாடியில் இருந்தது உங்களுக்குத் தெரியும். வாடகை குறைவு என்று எடுத்தோம். குறுகலான படி, பிடித்துக் கொள்ளக் கம்பி கிடையாது. இருபது வருஷம் நாம் எல்லோரும் ஏறி இறங்கினோம். யாருக்கும் அது ஒரு பிரச்னையாகத் தோன்றவில்லை.

நம் தோழர் ஒருவர். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். பட்டறை ஒன்றில் வேலை செய்யும்போது இரும்புத் தகட்டுச் சுருள் சரிந்து வலது கால் நசுங்கிப் போயிற்று. முழங்காலுக்குக் கீழே எடுத்து விட்டார்கள். விபத்துக்கு முன்பு நம் சங்கத்தில் ஈ.எஸ்.ஐ. விவகாரம் என்றால் அவர்தான். எந்த மனுவை எந்த அதிகாரியிடம் எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில்.

விபத்துக்குப் பிறகு இரண்டு முறை கூட்டத்துக்கு வந்தார். ஒவ்வொரு படியாக உட்கார்ந்து, பின்பக்கமாக நகர்ந்து ஏறி வந்தார். மூன்றாம் முறை ஊன்றுகோல் வழுக்கி ஐந்தாம் படியிலிருந்து விழுந்தார். அத்துடன் வருவது நின்றது. நம் கூட்டக் குறிப்பேட்டை எடுத்துப் பாருங்கள். அவர் பெயருக்கு எதிரே 11 கூட்டங்களில் "வரவில்லை" என்று எழுதியிருக்கிறது. "விபத்துக்குப் பிறகு அவருக்கு ஆர்வம் குறைந்து விட்டது" என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் பேசினார். அப்படிப் பேசியவன் நான்தான்.

இதற்கிடையில் என்ன நடந்தது? வேறொரு பட்டறையில் ஒரு வாலிபனுக்குப் பிரஸ் மிஷினில் மூன்று விரல் போயிற்று. காண்டிராக்டர் கையில் 20,000 ரூபாயைத் திணித்து, வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிக் கொண்டான். அந்தப் பையன் நம் அலுவலகத்துக்கு வந்தான். வழி சொல்லத் தெரிந்த ஆள் அங்கே இல்லை. பையன் ஊருக்கே போய் விட்டான்.

சில மாதம் கழித்து டீக்கடையில் தோழரைப் பார்த்து, "அண்ணே, நீங்க இருந்திருந்தால் அந்தப் பையனுக்கு நியாயம் கிடைத்திருக்குமே, ஏன் கூட்டத்துக்கு வரவில்லை?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "தம்பி, நான் வந்தேன். கீழே நின்று கூப்பிட்டேன். ஃபேன் சத்தத்தில் மேலே யாருக்கும் கேட்கவில்லை. போய் விட்டேன்."

தோழர்களே, அவர் வரவில்லை என்று நாம் எழுதி வைத்தோம். உண்மையில் நாம் அவர் இருக்கும் இடத்துக்குப் போகவில்லை. இதைச் சுயவிமர்சனமாக உங்கள் முன் வைக்கிறேன்.

குறை உடம்பிலா, கட்டடத்திலா?

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ரொனால்ட் மேஸ் என்று ஒருவர். ஒன்பது வயதில் போலியோ வந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். கட்டடக் கலை படிக்கக் கல்லூரிக்குப் போனார். அங்கே படிகளில் மற்றவர்கள் அவரைத் தூக்கிக் கொண்டு ஏற வேண்டியிருந்தது. கட்டடம் கட்டும் கலையைக் கற்பிக்கும் இடத்துக்குள்ளேயே ஒரு மாணவனால் நுழைய முடியவில்லை! படித்து முடித்துக் கட்டடக் கலைஞரானார். வீடோ, தெருவோ, பொருளோ எதைச் செய்தாலும், முடிந்த மட்டும் எல்லா மனிதரும் பயன்படுத்தும்படி ஆரம்பத்திலேயே செய்ய வேண்டும் என்ற கொள்கையைப் பரப்பினார். அதற்கு "யாவருக்குமான வடிவமைப்பு" என்று பெயர். 1997-ல் அவரும் மற்ற நிபுணர்களும் சேர்ந்து அதற்கு ஏழு விதிகள் வகுத்தார்கள். 1998-ல் மேஸ் காலமானார்.

பெயர் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். விஷயம் எளிது. கால் இல்லாதவனால் மாடி ஏற முடியவில்லை என்றால், குறை அவனிடம் என்று நாம் சொல்லிப் பழகி விட்டோம். இந்தக் கொள்கை அதைத் திருப்பிப் போடுகிறது. காலைப் போன இடத்திலிருந்து கொண்டுவர முடியாது. ஆனால் படியை மாற்ற முடியும். மாற்ற முடிந்ததை மாற்றாமல் விட்டு விட்டு, மாற்ற முடியாதவன் மேல் பழி போடுவது என்ன நியாயம்?

இது யாரோ சிலருடைய விஷயம் என்று எண்ண வேண்டாம். 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் மாற்றுத் திறனாளிகள் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். இந்தியா முழுவதும் 2 கோடியே 68 லட்சம் பேர். அதிலே நூற்றுக்கு 69 பேர் கிராமத்து ஜனங்கள். அதே கணக்கில் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். முழங்கால் வலிக்கிற ஆயா, வயிற்றில் பிள்ளையைச் சுமக்கிற பெண், இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு குழந்தையுமாக வரும் தாய், நாற்று நட்டு நட்டு முதுகு கூனிய விவசாயத் தொழிலாளி, தறிச் சத்தத்தில் காது மந்தமான மில் தொழிலாளி, இவர்களையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். மிச்சம் எத்தனை பேர்?

இன்னொன்று பாருங்கள். ஒரு கட்டடத்தில் படிக்குப் பக்கத்தில் சாய்தளம் போடுகிறார்கள். அதில் யார் யார் போகிறார்கள் என்று ஒரு நாள் நின்று கவனியுங்கள். சக்கர நாற்காலி ஒன்று போகும். தண்ணீர் கேன் போடும் தம்பி பத்து முறை போவான். கேஸ் சிலிண்டர் உருட்டுகிறவர் போவார். காய்கறித் தள்ளுவண்டி போகும். மூட்டை தூக்கும் தொழிலாளியின் முதுகைக் காப்பாற்றுவதும் அதே சாய்தளம்தான். ஜவுளிக்கடை, நகைக்கடைகளில் நாள் முழுவதும் நின்ற பெண்களுக்காகத் தமிழ்நாட்டில் 2021-ல் சட்டம் திருத்தி, வேலை செய்யும் இடத்தில் உட்கார ஆசனம் கொடுக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். அதுவும் இதே கொள்கைதான். மனித உடம்புக்குத் தக்கபடி இடத்தை அமைக்க வேண்டும். இடத்துக்குத் தக்கபடி உடம்பை ஒடிக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. முன்வாசலில் பத்துப் படியைக் கட்டி விட்டு, கொல்லைப்புறம் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் போட்டு, "உங்களுக்கு அந்தப் பக்கம் வழி இருக்கிறது" என்று சொன்னால் அது யாவருக்குமான வடிவமைப்பு அல்ல. டீக்கடையில் தனிக் குவளை வைத்ததை எதிர்த்தவர்கள் நாம். தனி வாசலை மட்டும் சகாயம் என்று ஏற்றுக் கொள்வதா? எல்லோரும் நுழையும் வாசலில் எல்லோரும் நுழைய வேண்டும்.

தெரு உயருகிறது, வீடு தாழுகிறது

இனி நம் வீடுகளுக்கு வருவோம். மேனாம்பேடு, கருக்குப் பக்கம் தெருக்களில் நடந்து பாருங்கள். பழைய வீடுகள் தெருவுக்குக் கீழே பள்ளத்தில் இருக்கின்றன. புது வீடுகள் மூன்றடி, நான்கடி உயரத்தில் நிற்கின்றன. ஏன்? ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய ரோட்டின் மேலேயே போட்டார்கள். தெரு ஏறிக் கொண்டே போயிற்று. மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. ஆகவே கடன் வாங்கியாவது வீட்டை உயர்த்திக் கட்டுகிறார்கள். வெள்ளத்திலிருந்து தப்பித்தார்கள், படியில் சிக்கினார்கள். ஆயா வாசலோடு சரி. தெருவுக்கு இறங்க இரண்டு ஆள் வேண்டும்.

சாய்தளம் போட வேண்டியதுதானே என்பீர்கள். கணக்குப் போடுங்கள். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும் என்பது விதி. அதைவிடச் செங்குத்தாக இருந்தால் சக்கர நாற்காலியைத் தள்ள முடியாது. இறங்கும்போது கவிழ்த்து விடும். மூன்றடி உயர வீட்டுக்கு 36 அடி நீளம் சாய்தளம் வேண்டும். நம் சந்தின் அகலமே பத்தடி! 36 அடிக்கு எங்கே போவது?

தனி வீட்டுக்காரனால் இதைத் தீர்க்க முடியாது என்பதுதான் இதிலிருந்து தெரிகிறது. அவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும், எவ்வளவு கடன் வாங்கினாலும் முடியாது. தெரு உயராமல் இருந்தால்தான் வீடு உயராமல் இருக்கும். மழைநீர் வடிகால் ஒழுங்காக ஓடினால்தான் தெரு தாழ்வாக இருக்க முடியும். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்து விட்டு அதே மட்டத்தில்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். காண்டிராக்டர் சுரண்டுகிறானா, மேலேயே பூசி விட்டுப் போகிறானா என்று நின்று பார்ப்பது யார் வேலை? தெருவில் குடியிருக்கும் நம் வேலை. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. நாம் வரி கட்டுகிறோம். கேட்க உரிமை உண்டு.

வீட்டுக்குள்ளே நம் கையால் ஆகக் கூடியவையும் உண்டு. கக்கூசுக் கதவை இரண்டடி அகலத்தில் வைக்காமல் மூன்றடியாக வையுங்கள். அது வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே யாராவது மயங்கி விழுந்தால் கதவைத் தள்ளித் திறக்க முடியாமல் தவிக்க வேண்டாம். சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பதியுங்கள். வழுவழு டைல்ஸ் அழகாக இருக்கும். ஈரம் பட்டால் இடுப்பெலும்பை முறிக்கும். சொரசொரப்பான தரை போடுங்கள். அறைக்கு அறை நிலைப்படி வேண்டாம். சுவிட்சை உட்கார்ந்தபடியே தொடும் உயரத்தில் வையுங்கள். புதிதாகக் கட்டும்போதே செய்தால் இவற்றுக்குப் பெரிய செலவில்லை. கட்டி முடித்த பிறகு இடித்துச் செய்வதில்தான் செலவு. கட்டுகிற மேஸ்திரிகளும் சித்தாட்களும் நம்மிலே எத்தனை பேர் இருக்கிறோம்! முதலில் நாம் இதைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

சர்க்கார் கட்டும் குடியிருப்புகளுக்கும் இதே கேள்வி. ஆற்றோரங்களில் குடியிருந்த ஏழைகளைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டு போய் எட்டு அடுக்குக் கட்டடங்களில் வைத்தார்கள். அப்படிப்பட்ட கட்டடத்தில் லிஃப்ட் ஓடினால் அது வீடு. லிஃப்ட் நின்றால், மேல் மாடியில் நடக்க முடியாதவருக்கு அது சிறை. ஆகவே வீட்டைக் கட்டிக் கொடுத்தால் மட்டும் போதாது. லிஃப்டை ஓட்டவும் பழுது பார்க்கவும் பணமும் ஆளும் ஒதுக்க வேண்டும்.

கேட்டுப் பெற்றவை

கேட்டால் கிடைக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு இரண்டு உதாரணம் சொல்லுகிறேன்.

முதலாவது பஸ். வழக்கமான பஸ்ஸின் தளம் தரையிலிருந்து 900 மில்லிமீட்டர் உயரம். தாழ்தள பஸ்ஸில் 400 மில்லிமீட்டர். மாற்றுத் திறனாளிகள் பல வருஷம் போராடினார்கள். சென்னை ஹைகோர்ட்டில் வழக்காடினார்கள். செலவு அதிகம், ரோடு சரியில்லை என்று பதில் வந்து கொண்டே இருந்தது. விடவில்லை. 2024 ஆகஸ்டில் சென்னையில் புதிய தாழ்தள பஸ்கள் ஓடத் தொடங்கின. இன்று அதில் சுலபமாக ஏறுகிறவர்கள் யார்? மீன் கூடைக்காரப் பாட்டியும்தான் ஏறுகிறாள். போராடியவர்கள் சிலர், பலன் எல்லோருக்கும்.

இரண்டாவது மெரினா கடற்கரை. 2022 நவம்பரில் அங்கே 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை திறந்தார்கள். சக்கர நாற்காலியிலேயே அலை ஓரம் வரை போகலாம். சென்னையில் பிறந்து வளர்ந்தும் கடலைத் தொடாதவர்கள் அன்று தொட்டார்கள். டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்து பாதையின் ஒரு பகுதியை உடைத்தது. பிறகு சரி செய்தார்கள். கட்டியதைக் காப்பாற்றுவதும் கட்டுவதைப் போலவே ஒரு போராட்டம் என்று இதிலிருந்து தெரிகிறது.

சட்டமும் இருக்கிறது. 1995-ல் ஒரு சட்டம் வந்தது. 2016-ல் அதைவிட விரிவான சட்டம் வந்தது. யாவருக்குமான வடிவமைப்பு என்பதற்கு அதிலேயே விளக்கம் எழுதியிருக்கிறது. விதிகளுக்குப் பொருந்தாத கட்டடத்துக்கு அனுமதி தரக் கூடாது என்கிறது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை ஐந்து வருஷத்துக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்கிறது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. 2022 ஜூனோடு கெடு முடிந்து விட்டது. உங்கள் பக்கத்து ரேஷன் கடையை, தபாலாபீசை, தாலுகா ஆபீசை நினைத்துப் பாருங்கள். எத்தனை மாறின? 2024 நவம்பர் 8-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. சட்டம் கட்டாயம் என்கிறது. விதியோ வெறும் வழிகாட்டுதலாக இருக்கிறது. இது செல்லாது, கட்டாய விதிகளை வகுக்க வேண்டும் என்று மத்திய சர்க்காருக்கு உத்தரவிட்டது. புத்தகத்தில் உள்ள சட்டம் தானாக நடந்து வந்து ரேஷன் கடைப் படியை உடைக்காது. எட்டு மணி நேர வேலையும் அப்படி வரவில்லை.

படிப்பிலும் படிகள் உண்டு

தாய்மார்களே, பள்ளிக்கூட வாசலில் மட்டுமா படி இருக்கிறது? பாடத்துக்குள்ளும் படி இருக்கிறது. நாற்பது பிள்ளைகள். வாத்தியார் ஒரே முறை, ஒரே விதமாகச் சொல்லுகிறார். புரிந்தவன் கெட்டிக்காரன், புரியாதவன் மக்கு. கண் மங்கலான பிள்ளைக்குக் கரும்பலகை தெரியவில்லை. காது மந்தமான பிள்ளைக்குச் சொன்னது கேட்கவில்லை. வீட்டில் இந்தியோ ஒரியாவோ பேசும் வடநாட்டுத் தொழிலாளியின் பிள்ளைக்கு மொழியே புரியவில்லை. இவர்கள் எல்லோரும் மக்குகளா?

ஒரே பாடத்தைப் பல வழியில் காட்டு. பிள்ளை தனக்கு முடிந்த வழியில் பதில் சொல்லட்டும். அவனுக்கு ஆசை வரும்படி செய். கல்வியில் யாவருக்குமான வடிவமைப்பு என்பதன் சாரம் இதுதான். பிரான்சில் லூயி பிரெய்லி என்ற கண் தெரியாத பையன், 15 வயதில், 1824-ல், ஆறு புள்ளிகளைக் கொண்டு விரலால் தடவிப் படிக்கும் எழுத்தை உண்டாக்கினான். இங்கே பக்கத்தில் பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளியில் பிள்ளைகள் அந்தப் புள்ளிகளைத் தடவித்தான் படித்து மேலே போகிறார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது வேறொரு மூளை அல்ல; வேறொரு வழி.

திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கினார்கள். கொரோனாவால் பள்ளி மூடிக் கிடந்தபோது விட்டுப் போன படிப்பைப் பிடிக்க வந்த திட்டம். ஒரே வகுப்பில் உள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, யார் எந்த இடத்தில் நிற்கிறார்களோ அங்கிருந்து தொடங்குவது. ஆடிப் பாடி, பொருளைத் தொட்டுக் கற்பிப்பது. யோசனை நல்லது. அதற்கு வேண்டிய வாத்தியார்கள் இருக்கிறார்களா, பிள்ளைக்குப் பிள்ளை கவனிக்க நேரம் இருக்கிறதா என்று கேட்பது பெற்றோர்களாகிய நம் வேலை.

பெரியவர்கள் விஷயமும் அப்படியே. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. கல் உடைக்கும் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் பள்ளிக்கூடம் தேடிப் போகவில்லை. அவர்கள் வேலை முடிந்து வந்த நேரத்தில், அவர்கள் வசிக்கும் இடத்துக்கே படிப்பு போயிற்று. பாட்டும் நாடகமுமாகப் போயிற்று. எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொண்டார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காத இடத்தில் ஆண்கள் சைக்கிளை ஓட்டினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே சிலர் விரும்பியதும் உண்டு! அம்பத்தூரில் சைக்கிள் செய்து உழைத்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். அந்தப் பெண்கள் சைக்கிளை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று தெரிந்தால் சந்தோஷப்படுவார்கள். கேரளத்தில் கண்ணூர்ப் பக்கம் பீடித் தொழிலாளர்கள் இன்னொரு வழி கண்டார்கள். ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். மற்றவர்கள் கேட்டுக் கொண்டே பீடி சுற்றுவார்கள். படிப்பவருக்கு வேண்டிய பீடியையும் சேர்த்து மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். எழுத்துத் தெரியாதவனும் உலக நடப்பை அறிந்தான். நிபுணர்கள் பெயர் சூட்டுவதற்கு முன்பே தொழிலாளி வர்க்கம் செய்து காட்டியது இது.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே, பேசிக் கலைந்து போக நாம் இங்கே கூடவில்லை. கிளையில் விவாதித்து, சில முடிவுகள் எடுத்திருக்கிறோம். உங்கள் சம்மதம் வேண்டும்.

ஒன்று, நம் அலுவலகம் கீழ்த்தளத்துக்கு வருகிறது. மாதம் 1,500 ரூபாய் வாடகை கூடும். ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதுவரை கூட்டங்கள் இந்த மரத்தடியில்தான்.

இரண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் தெருத் தெருவாகக் கணக்கு எடுப்போம். எந்த வீட்டில் வெளியே வர முடியாதவர் இருக்கிறார், எத்தனை படி, வடிகால் எங்கே அடைப்பு என்று எழுதுவோம். அதை மனுவாக்கி மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் கொடுப்போம். ரோடு போட வரும் நாளில் சுரண்டிப் போடுகிறார்களா என்று முறை வைத்துக் காவல் நிற்போம்.

மூன்று, ரேஷன் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சாய்தளமும் கைப்பிடியும் கேட்போம். கிராமங்களிலிருந்து வந்திருக்கும் விவசாயத் தொழிலாளத் தோழர்கள் கிராம சபையில் இதே தீர்மானத்தைக் கொண்டு வர வேண்டும். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத் திறனாளி ஒருவரை நியமன உறுப்பினராக்க 2025-ல் நம் சட்டமன்றம் சட்டம் திருத்தியது. அந்த உறுப்பினரைச் சும்மா உட்கார வைக்காமல், பேச வைப்பது ஊராரின் பொறுப்பு.

நான்கு, வாரம் ஒரு நாள் மாலை, பத்திரிகையை உரக்கப் படிப்போம். எழுத்துத் தெரியாதவரும், கண் தெரியாதவரும், கண்ணாடி வாங்கக் காசில்லாதவரும் வரலாம்.

கடைசியாக ஒரு வார்த்தை. கூட்டத்தை மரத்தடிக்கு மாற்றிய பிறகு நம் தோழர் மூன்று முறை வந்து விட்டார். விரல் போன அந்தப் பையனின் ஊர் விலாசத்தைத் தேடிப் பிடித்து, போன வாரம் கடிதம் எழுதியிருக்கிறார். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டதாலேயே எல்லாம் முடிந்து விடாது, புறப்பட்டு வா என்று எழுதியிருக்கிறார். பையன் வருவானா, பணம் கிடைக்குமா என்று இன்று என்னால் சொல்ல முடியாது. வந்தால், அவன் ஏறிப் போக வேண்டிய படி எதுவும் நம் சங்கத்தில் இருக்காது.

இப்போது தோழர் ஈ.எஸ்.ஐ. விவரங்களைப் பற்றிப் பேசுவார். அவர் எழுந்து நிற்க வேண்டியதில்லை. மைக்கை அவரிடம் கொண்டு போங்கள்.